இரண்டாம் உலகப் போர்க்கால ட்ரெயிலர்: அடையாளம் காண்பதும் மீட்டெடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரிக்குப் பின்னால், விறகுக் கொட்டகைச் சுவரோரம், மூங்கில் புதருக்குள் ஒரு ட்ரெயிலர் கிடந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்தது. அப்பா தோட்டத்து லொறி டிரைவர். அந்தக் காலத்தில் அதில்தான் கொழுந்துச் சாக்கு ஏற்றினார்கள் என்று சொல்வார். பழைய இரும்புக்குப் போக இருந்த அதை வீட்டுக்கு இழுத்து வந்து, மாமாவின் வெல்டிங் பட்டறையில் வைத்து இரண்டு வருடம் வேலை செய்தோம். அதைப் பார்த்த பிறகு ஹட்டன் பக்கமிருந்தும் பண்டாரவளைப் பக்கமிருந்தும் ஆட்கள் தங்களிடம் இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

“யுத்தகாலத்து ட்ரெயிலர்” என்றால் எந்த யுத்தம்? அது எப்படி மலைநாட்டுக்கு வந்தது?

நம் நாட்டில் யுத்தம் என்றால் மனம் வேறு எங்கோ போகும். இங்கே சொல்வது 1939–45 உலகப் போர். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையை. அதற்கு முன்பும் பின்பும் இலங்கையில் பெரிய அளவில் படைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். இந்தியப் படைகள், ஆஸ்திரேலியப் படைகள் வந்தன, பர்மாவுக்குப் போகுமுன் 11வது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் இங்கேதான் பயிற்சி எடுத்தது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. தியத்தலாவை போயர் போர்க் காலத்திலிருந்தே முகாம் ஊர். இத்தனை படைக்கும் லொறி, ஜீப், ட்ரெயிலர் எல்லாம் வந்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவை கைமாறின. செங்குத்துப் பாதையில் சாமான் ஏற்ற வழி தேடிக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு இப்படி ஒரு வண்டி பெரிய உதவி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். “இது மவுண்ட்பேட்டன் துரை காலத்து வண்டி” என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதியும் வையுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கதை வாய்க்கு வாய் மாறும். இரும்பில் வெட்டிய எழுத்தும், சக்கரத்தின் அளவும், நட்டின் புரியும் மாறாது.

ட்ரெயிலர் கையில் கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். கழுவக்கூட வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதல் நாளே கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி முன்பக்கத் தகட்டைத் தேய்த்தேன், ஆர்வம்தான். கடைசி மூலைக்கு வரும்போது துருவுக்கும் தாருக்கும் அடியில் வெள்ளைப் பெயின்டில் இரண்டு இலக்கம் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். அதற்குள் மற்ற இலக்கங்களும் முன்னால் இருந்திருக்க வேண்டிய எழுத்தும் தூளாகிப் போய்விட்டன. அந்த வண்டி எந்தப் படையில் இருந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே வரி அது. இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ. பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் புடைத்து நிற்கும் எழுத்து நிழலாகத் தெரியும். தார் பூசியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு மெதுவாகத் துடையுங்கள். பெயின்ட் அடுக்குகளைப் பார்க்க, எழுத்து இருக்க வாய்ப்பில்லாத ஓர் இடத்தில், மடிப்புக்கு அடியில் என்று வையுங்கள், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு இடத்தை மட்டும் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் பேப்பரால் ஓரம் சரிவாகத் தேய்த்தால், மரத்தின் வருட வளையம் மாதிரி ஒவ்வொரு நிறமும் வட்டமாக வரும். எங்களுடையதில் தார், அதற்கடியில் தோட்டத்துப் பச்சை, அதற்கடியில் மங்கலான இராணுவப் பச்சை என்று வந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்தபடி தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

ஜீப் ட்ரெயிலர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மலைநாட்டில் கேட்பவர்களில் அதிகம் பேரிடம் இருப்பது இந்தச் சின்ன வகைதான், அல்லது அதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது. கால் டன் ட்ரெயிலர் என்று பெயர். இரண்டு சக்கரம், முழு இரும்புத் தொட்டி, உள்ளே சுமார் 6 அடி நீளம், 3 அடிக்குச் சற்று மேல் அகலம், ஒன்றரை அடி ஆழம். சக்கரத்துக்கு மேல் வளைந்த மட்கார்ட். முன்னால் இழுப்புச் சட்டத்தின் நுனியில் வட்டமான கண், அதன் அருகே மடித்து வைக்கும் ஒரு கால், ஒரு ஹேண்ட்பிரேக் பிடி. தொட்டியின் தரையில் தண்ணீர் வெளியேற இரண்டு அடைப்பான்கள்.

இதில் முக்கியமானது, போர்க்காலத்து வண்டிக்குப் பின்கதவு கிடையாது. ஆற்றைக் கடக்கும்போது படகு போல மிதக்க வேண்டும் என்றே தொட்டியை நான்கு பக்கமும் மூடிச் செய்தார்கள். பின்கதவு இருந்தால் ஒன்று போருக்குப் பிறகு பொதுமக்களுக்காகச் செய்தது, அல்லது இங்கே யாரோ வெட்டி வைத்தது. வெட்டியதா இல்லையா என்பது விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், அச்சில் அழுத்திய மடிப்பும் கையால் வெட்டி வெல்டிங் அடித்த ஓரமும் ஒரே மாதிரி இருக்காது.

சக்கரம் 16 அங்குலம், டயர் 6.00-16, ஜீப்பில் இருந்த அதே சக்கரம், ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவதற்காகவே அப்படி. ஐந்து போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். டயர் 7.00-16 ஆக இருந்து, விளக்குகள் 24 வோல்ட்டாக, மின் இணைப்பில் 12 முனை இருந்தால் அது 1950களில் வந்த எம் 100 வகையாக இருக்கலாம். உருவம் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் உலகப் போரைப் பார்க்காதது. டயரை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், எழுபது எண்பது வருடத்தில் யார் எந்த டயரைப் போட்டார்களோ.

பான்டமா, வில்லிஸா?

இரண்டு கம்பெனியும் செய்தன. பான்டம் என்பது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த சின்னக் கம்பெனி. 1940 செப்டம்பரில் அமெரிக்க இராணுவத்துக்கு முதல் ஜீப்பைச் செய்து கொடுத்ததே அவர்கள்தான். பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போன பிறகு, அந்த ஜீப்புகளுக்கான ட்ரெயிலரைச் செய்வது இவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்றாயிற்று. அவர்களுடைய மாதிரி டி-3, வில்லிஸுடையது எம்பிடி. பெயர்த் தகடு இருந்தால் கம்பெனி, தொடர் எண், ஒப்படைத்த திகதி எல்லாம் அதிலேயே இருக்கும். தகடு போய், ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தத் துளைகளின் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள், சட்டத்தில் வெட்டிய எண் இருக்கிறதா என்று தேடுங்கள். துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

என்னுடையது இதைவிடப் பெரியது. அது என்ன?

7.50-20 டயர், ஆறு போல்ட் சக்கரம், உயரமான பெட்டி என்றால் ஒரு டன் வகையைப் பாருங்கள். மில்வாக்கியில் இருந்த பென் ஹர் கம்பெனியின் பெயரிலேயே அதைக் கூப்பிடுவார்கள், ஆனால் வேறு பல கம்பெனிகளும் அதே வரைபடத்தில் செய்தன, அதனால் தகட்டில் வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டரை டன் ஜிஎம்சி லொறிக்குப் பின்னால் போவது. மரப் பெட்டியிலும் வந்தது, இரும்புப் பெட்டியிலும் வந்தது. இதே வகையில் 250 அமெரிக்க கலன், ஏறக்குறைய 950 லீட்டர், தண்ணீர்த் தாங்கி வைத்த பவுசரும் உண்டு.

பிரிட்டிஷ் வண்டி என்று எதை வைத்துச் சொல்வது?

மேல்நோக்கிய அம்புக்குறி, கோழிக்கால் மாதிரி மூன்று கோடு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. வார்ப்பு இரும்பிலும் இழுப்புக் கண்ணிலும் சின்னதாக அடித்திருக்கும். பெயின்டில் எழுதிய எண் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பிரிட்டிஷ் படையில் ட்ரெயிலருக்குக் கொடுத்த எண் அது. லொறிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்திருந்தார்கள். அமெரிக்கப் படையின் எண்ணாக இருந்தால் யூஎஸ்ஏ என்ற எழுத்துக்குப் பிறகு ட்ரெயிலருக்குப் பூச்சியத்தில் தொடங்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1941இல் வந்த கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ் அமெரிக்கா ஏராளமான வண்டிகளைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. ஆகவே அமெரிக்காவில் செய்த பான்டம் ட்ரெயிலரின் மேல் எக்ஸ் எண் இருக்கலாம், இரண்டும் உண்மையே. எண் யாரிடம் வேலை செய்தது என்று சொல்லும், எங்கே பிறந்தது என்று சொல்லாது. பிறப்பைப் பார்க்க நட்டைப் பாருங்கள். அமெரிக்க நட்டில் அங்குல அளவு ஸ்பேனர், அரை அங்குலம், ஒன்பதில் பதினாறு, முக்கால் என்று கச்சிதமாக உட்காரும். பிரிட்டிஷ் வண்டியில் விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுப் புரி, அதற்கான ஸ்பேனரே வேறு. பழைய தேயிலை ஃபாக்டரி மெஷின்கள் பிரிட்டனில் இருந்து வந்தவை என்பதால் தோட்டத்து ஃபிட்டர்களிடம் விட்வர்த் ஸ்பேனர் செட் இன்னமும் இருக்கும். ஃபாக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார், எனக்கும் அப்படித்தான் நடந்தது.

சக்கர நட்டு கழலவே மாட்டேன் என்கிறது. குழாய் போட்டு நெம்பலாமா?

நிறுத்துங்கள்! எந்தப் பக்கச் சக்கரம்? ஜீப்பிலும் ஜீப் ட்ரெயிலரிலும் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி. வழக்கமாக நாம் கழற்றும் திசையில் சுற்றினால் அது இறுகும். எங்களுக்கு அது தெரியாமல் நான்கடிக் குழாயைப் போட்டு மாமாவும் நானும் சேர்ந்து தொங்கி இரண்டு ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் புரித்தண்டை, உடைத்தோம். ஸ்டட்டின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், எல் என்ற எழுத்து இருந்தால் இடப்புரி. எழுத்து தேய்ந்திருந்தால் புரியின் சரிவைப் பாருங்கள். பல நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு, லேசாகச் சுத்தியலால் தட்டி, பிறகு முயலுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. இராணுவச் சக்கரங்களில் சில இரண்டு பாதியாகச் செய்து சுற்றிவர நட்டுப் போட்டு இறுக்கியவை. ஜீப்பின் போர்க்காலச் சக்கரத்தில் இப்படி எட்டு நட்டு உண்டு. பிரிட்டிஷ் லொறி, ட்ரெயிலர் சக்கரங்களிலும் உண்டு, அவற்றில் தொடக்கூடாத நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள், ஆனால் நம் மழையில் அந்தச் சிவப்பு எங்கே மிஞ்சப் போகிறது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் பாதிச் சக்கரம் குண்டு மாதிரி முகத்தில் அடிக்கும். வண்டியில் இருந்து சக்கரத்தை எடுப்பது நடுவில் உள்ள நட்டு, சக்கரத்தைப் பிளப்பது ஓரத்து நட்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டயர் தட்டையாகத் தெரிந்தாலும் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, கொஞ்சமும் காற்றில்லை என்று உறுதியான பிறகே ஓரத்தில் கைவையுங்கள். திரும்பப் பூட்டிக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடியுங்கள். டயர்க் கடையில் உள்ள தம்பி இந்த மாதிரிச் சக்கரத்தைப் பார்த்தே இருக்க மாட்டார், நீங்கள்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

தொட்டியின் தரை ஓட்டையாகிவிட்டது. முழுவதும் மாற்ற வேண்டுமா?

அநேகமாக வேண்டியதில்லை. தரையும் ஓரத்து மடிப்பும்தான் முதலில் போகும், ஏனென்றால் அடைப்பான் துளை மண்ணால் அடைபட்டு வருடக் கணக்கில் தண்ணீர் நின்றிருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரிக் கேட்டால் இரும்பு உயிரோடு இருக்கிறது, மொத்தென்று கேட்டால் இல்லை. போன இடத்தை மட்டும் வெட்டி, அதே தடிப்பில் தகடு வைத்து, தொடர்ச்சியாக ஓட்டாமல் ஆங்காங்கே புள்ளி வைத்து வெல்டிங் அடியுங்கள், இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும். சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்பதைத் தரையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும், முக்கியமாக இழுப்புச் சட்டம் பெட்டியோடு சேரும் இடத்தில். இழுப்புக் கண் தேய்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அதற்கு மேல் வெல்டிங் போட்டுக் கட்டாதீர்கள். அடித்துச் செய்த முழுக் கண்ணாகப் புதிதாகப் போடுங்கள், இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பழைய ஒட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் மேலேயே வெல்டிங் அடிக்கலாமா?

அது என்ன தகடு என்று முதலில் பாருங்கள். தோட்டங்களில் கைக்குக் கிடைத்தது லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, கூரைத் தகரம், அதில் துத்தநாகப் பூச்சு உண்டு. அதன் மேல் வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை வரும். மாமா ஒரு நாள் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு மழைக்கு ஒதுங்கி அந்த வேலையைச் செய்தார், இரவில் குளிர் காய்ச்சலும் உடம்பு வலியும், மலேரியாவோ என்று பயந்துவிட்டோம். இரண்டாம் நாள் தானாகவே சரியாயிற்று. துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சல் அப்படித்தான் இருக்கும், சில மணி நேரம் கழித்தே காட்டும். ஒட்டை உளியால் கழற்றி எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

சின்னப் பாகங்களின் துருவை எடுக்க என்ன வழி?

பிளாஸ்டிக் வாளி, தண்ணீர், சலவைச் சோடா, பட்டரி சார்ஜர். பாகத்தை சார்ஜரின் எதிர்முனையிலும் வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையிலும் மாட்டி இரவு முழுவதும் விட்டால் துரு கறுத்து உதிரும், நல்ல இரும்பு கரையாது, அடித்திருந்த எழுத்துகள் தெளிவாக வரும். அந்த வேண்டாத துண்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே வெளியில் வையுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். ஸ்பிரிங் பட்டைகளை இதில் போட வேண்டாம், கடினமான எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். அவற்றைக் கம்பி பிரஷ் போட்டே தேய்த்துக்கொள்ளுங்கள்.

பேரிங், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்?

பேரிங்கின் ஓரத்தில் வெட்டிய எண்ணைத் துடைத்துப் படியுங்கள், அந்த எண்ணைக் கொண்டு கொழும்பில் வாகன உதிரிப் பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். “ட்ரெயிலர் பேரிங் இருக்கிறதா” என்று கேட்டால் இல்லை என்பார்கள், எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள், ஏனென்றால் அந்தக் கூம்பு பேரிங் எண்கள் பல இன்னும் உற்பத்தியில் இருக்கின்றன. பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிக்கும்போது ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாசரை மடியுங்கள்.

என்ன நிறம் அடிப்பது? எப்போது அடிப்பது?

நிறத்தை உங்கள் வண்டியே சொல்லும், அந்தக் குற்றி அளவு வட்டம் இருக்கிறதே, அதன் அடி நிறம். பளபளப்பில்லாத பெயின்ட் வேண்டும். பிரிட்டிஷ் படை 1941க்குப் பிறகு ஒரு பழுப்பு நிறத்தையும், 1944இலிருந்து ஒலிவ் பச்சையையும் தரமாக வைத்திருந்தது, அமெரிக்க வண்டிகள் தொடக்கத்திலிருந்தே ஒலிவ் பச்சை.

எப்போது என்பதுதான் மலைநாட்டில் பெரிய கேள்வி. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நமக்கு மழை கொட்டும்போது அவர்களுக்கு வறண்ட காலம். எந்தப் பக்கமாக இருந்தாலும் காலை பத்து மணிக்குப் பிறகு, இரும்பைத் தொட்டால் ஈரம் தெரியாத நேரத்தில் தொடங்கி, பின்னேரம் பனிமூட்டம் இறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கடைசிப் பூச்சை முடித்துவிடுங்கள். ஈரம் பட்ட பூச்சு வெளுத்துப் போகும், ஆறு மாதத்தில் அடியில் துரு கிளம்பும்.

ஏற்றிக்கொண்டு ஓடலாமா?

ஜீப் ட்ரெயிலருக்குக் கரடான பாதையில் 500 றாத்தல், சுமார் 227 கிலோ. அதற்கு நிறுத்தி வைக்கும் ஹேண்ட்பிரேக் மட்டும்தான், ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது. றம்பொடையில் இறங்கும்போது பின்னால் தள்ளும் பாரம் முழுவதையும் முன்வண்டியின் பிரேக்கே தாங்க வேண்டும், ஆகவே ஏறும் கியரிலேயே இறங்குங்கள். ட்ரெக்டரில் உள்ள நேரான இரும்பு ஆணியில் மாட்ட வேண்டாம், அந்த வட்டக் கண் கொக்கிக்குள் உருள்வதற்காகச் செய்தது. இரண்டு பக்கமும் சங்கிலி போடுங்கள். ரோட்டுக்கு எடுப்பதென்றால் ட்ரெயிலருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவு வேண்டும். வாங்கும்போதே பழைய பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று தோட்டத்து ஆபீசில் தேடச் சொல்லுங்கள், சட்டத்தில் வெட்டிய எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்.

தொட்டிக்குள் மண்ணோடு பழைய தோட்டா மாதிரி ஏதோ கிடந்தது.

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள். எத்தனை வருடமானாலும் வெடிமருந்து வெடிமருந்துதான்.

பின்கதவை வெட்டியிருக்கிறார்கள். அடைத்து, பழையபடி ஆக்கலாமா?

ஆக்கலாம். தகடு வளைக்கத் தெரிந்த ஆள் இருந்தால் ஒரு வாரத்து வேலை. பிலிப்பைன்ஸில் ஜீப்பின் உடற்பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அங்கிருந்து வரவழைப்பவர்களும் உண்டு.

எங்களுடையதிலும் வெட்டியிருந்தது. மாமா அடைக்கச் சொன்னார். நான் அப்பாவைக் கேட்டேன். கொழுந்துச் சாக்கை ஒன்றரை அடி விளிம்புக்கு மேல் தூக்கி இறக்கி ஆட்களின் இடுப்பு போய்விட்டதாம், அதனால்தான் தோட்டத்துப் பட்டறை ஆசாரி பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தார், சாக்கை இழுத்து இறக்க வசதியாக. கீலைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது அது உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்தது என்று தெரிந்தது, உட்பக்கத்தில் உளியால் 1953 என்று வெட்டியிருந்தார். படையில் அந்த வண்டி இருந்தது நான்கைந்து வருடம் என்றால் தோட்டத்தில் இருந்தது அதைப் போலப் பல மடங்கு. கதவை அப்படியே வைத்துவிட்டோம். ட்ரெயிலர் முழுவதும் ஒலிவ் பச்சை அடித்தோம், அந்தக் கீல்கள் இரண்டுக்கும் மட்டும் பெயின்ட் போடவில்லை, மாதம் ஒருமுறை அப்பா எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறார்.